காய்ச்சல் வந்த விமானியும் கம்பெனியின் கணக்கும்

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வயிற்றுவலியைத் துணைக்குக் கூப்பிடாதவர்கள் நம்மில் யாராவது உண்டா? காய்ச்சல் என்றால் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். வயிற்றுவலியில் அந்தத் தொல்லை இல்லை. ஆபீஸ் போன பிறகும் இந்தப் பழக்கம் விடுவதில்லை. கிரிக்கெட் ஃபைனல் அன்று ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் வருகிறது என்று எந்த மேனேஜரைக் கேட்டாலும் சொல்லுவார். அதனால் "உடம்பு சரியில்லை சார்" என்று போன் வந்தால் எதிர்முனையில் முதலில் எழுவது இரக்கமில்லை, சந்தேகம்தான்.

மற்ற வேலைகளில் இந்தச் சந்தேகத்தால் பெரிய கேடு வந்துவிடாது. சந்தேகத்துக்குப் பயந்து ஒரு குமாஸ்தா காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தால் பேரேட்டில் ஒரு கூட்டல் தப்பும். மறுநாள் சிவப்பு மையால் திருத்திக்கொள்ளலாம். ஆனால் 180 பேரை ஏற்றிக்கொண்டு 35,000 அடி உயரத்தில் போகிற விமானி சந்தேகத்துக்குப் பயந்து வேலைக்கு வந்தால்? அங்கே சிவப்பு மை கிடையாது.

புதிதாகச் சேர்ந்த விமானி புரொபேஷன் காலத்தில் (நம் அரசாங்கத் தமிழில் தகுதிகாண் பருவம்) சில முறை உடம்பு சரியில்லை என்று சொன்னால் போதும், வேலையே ஆட்டம் காணும் என்ற நிலை விமானத் தொழிலில் இருக்கிறது. திறமை குறைவு என்றோ, பயிற்சியில் தோற்றார் என்றோ குற்றச்சாட்டு இருக்காது. வருகைப் பதிவேட்டில் ஒரு எண் கூடியிருக்கும், அவ்வளவுதான். "கம்பெனி நடத்துகிறவர்களுக்கு ஒழுக்கம் வேண்டாமா, இதில் என்ன தப்பு?" என்று கேட்கிறவர்கள் நிறைய பேர். தப்பு இருக்கிறது. அந்த விமானிக்கு மட்டும் நடக்கிற அநியாயமாக இருந்தால்கூட ஒருவேளை நாம் கண்டுகொள்ளாமல் போகலாம். டிக்கெட் வாங்கிப் பின்னால் உட்கார்ந்திருக்கிற நம் தலைமேல் அல்லவா அது வந்து விழுகிறது!

சட்டம் ஒன்று சொல்கிறது, கம்பெனி ஒன்று சொல்கிறது

மற்ற வேலைகளில் சிக் லீவ் ஒரு சலுகை. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் மாத்திரை போட்டுக்கொண்டு வரலாம். விமானிக்கு அது சலுகை இல்லை, கடமை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு என்று ஐ.நா.வின் கீழ் ஒன்று இருக்கிறது. 193 நாடுகள் உறுப்பினர். விமானிகளின் உரிமம் பற்றி அது வகுத்த முதல் இணைப்பிலேயே தெளிவாக இருக்கிறது: பாதுகாப்பாக ஓட்டமுடியாதபடி தன் உடல்நிலை குறைந்திருக்கிறது என்று உணர்கிற விமானி தன் உரிமத்தைப் பயன்படுத்தக்கூடாது. அமெரிக்க விதியும் ஐரோப்பிய விதியும் இதையேதான் சொல்கின்றன. கையில் மெடிக்கல் சான்றிதழ் செல்லுபடியாக இருந்தாலும் சரி, இன்றைக்கு உடம்பு சரியில்லை என்றால் இன்றைக்கு ஓட்டக்கூடாது.

அதை முடிவு செய்ய வேண்டியவர் யார்? விமானியேதான். விடிகாலை நாலு மணிக்கு ஓட்டல் அறையில் எழுந்து உட்கார்ந்து "இன்றைக்கு நான் தகுதியா?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சிப் பள்ளியிலேயே இதற்கு ஒரு பட்டியல் சொல்லிக்கொடுக்கிறார்கள். நோய், மருந்து, மன அழுத்தம், மது, களைப்பு, சாப்பாடு என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கச் சொல்லுகிற பட்டியல். பக்கத்தில் டாக்டர் இல்லை, அதிகாரி இல்லை. பல கோடி ரூபாய் செலவில் கட்டிய பாதுகாப்பு ஏற்பாடு முழுவதும் அந்த ஒரு நிமிடம் ஒருவர் தனக்குத்தானே உண்மை சொல்வதை நம்பி இருக்கிறது.

இப்போது அதே மனிதர் காதில் இன்னொரு குரலையும் ஓதிப் பாருங்கள். "இது இந்த வருடத்தில் உனக்கு மூன்றாவது தடவை. உன் புரொபேஷன் இன்னும் முடியவில்லை." சட்டம் வராதே என்கிறது. வராவிட்டால் திரும்ப வரவே வேண்டாம் என்கிறது கம்பெனி. இரண்டு பக்கமும் இடி வாங்குகிற மத்தளம்கூட இதைவிடத் தேவலை!

ஜலதோஷம்தானே?

"புற்றுநோயா வந்துவிட்டது, வெறும் ஜலதோஷம்தானே" என்று தோன்றலாம். தரையில் அது வெறும் ஜலதோஷம்தான். மேலே போனால் கதை வேறு.

ஓடுகிற விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பதைப் போல இருக்காது. சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருக்கிற அழுத்தம்தான் இருக்கும். இறங்கும்போது அழுத்தம் கூடிக்கொண்டே வரும். நடுக்காதுக்கும் தொண்டைக்கும் இடையே இருக்கும் மெல்லிய குழாய்தான் அதைச் சமன் செய்ய வேண்டும். மலைப்பாதை பஸ்ஸில் காது அடைத்து, எச்சில் விழுங்கினால் 'டப்' என்று திறந்துகொள்ளுமே, அந்தக் குழாய்தான். சளி பிடித்திருந்தால் அது திறக்காது. காதில் ஊசி குத்துகிற மாதிரி வலி வரும், சிலருக்குத் தலை சுற்றும், செவிப்பறை கிழிந்துபோகவும் கூடும். இதெல்லாம் வருவது இறங்கும் நேரத்தில். விமானிக்கு வேலை மிக அதிகமாக இருப்பதும் அதே இறங்கும் நேரத்தில்தான்.

சரி, மாத்திரை போட்டுக்கொண்டால்? அது அடுத்த ஆபத்து. கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் சளி மாத்திரைகள் பலவும் தூக்கம் வரவைப்பவை. 1990 முதல் 2012 வரை விபத்துகளில் இறந்த விமானிகளின் உடலில் என்னென்ன மருந்துகள் இருந்தன என்று அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து 2014-ல் அறிக்கை கொடுத்தது. செயல்திறனைக் குறைக்கக்கூடிய மருந்துகளில் அதிகம் காணப்பட்டது கஞ்சாவோ கொகெய்னோ இல்லை. சளிக்கும் அலர்ஜிக்கும் தூக்கத்துக்கும் சாதாரணமாகச் சாப்பிடும் டைஃபென்ஹைட்ரமின்! (அவர்களில் பெரும்பாலோர் சொந்தச் சிறு விமானம் ஓட்டியவர்கள், பயணிகள் விமானம் ஓட்டியவர்கள் மிகக் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மாத்திரை ஆள் பார்த்து வேலை செய்வதில்லையே.)

"இன்னொரு விமானி பக்கத்தில் இருக்கிறாரே" என்று அடுத்த கேள்வி வரும். இருக்கிறார். ஒருவர் செய்வதை மற்றவர் சரிபார்க்கத்தான் இரண்டு பேர். ஒருவர் மூக்கைச் சிந்திக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் இருந்தால், அங்கே இருப்பது ஒரு விமானியும், அவர் தப்பு செய்தால் கண்டுபிடிக்க ஆளில்லாத நிலைமையும்தான்.

புரொபேஷன் யாருக்காக?

புரொபேஷன் என்பதே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. புதிதாக வந்தவர் ஓட்டுகிறாரா, சொன்னால் கேட்டுக்கொள்கிறாரா, நெருக்கடியில் தடுமாறுகிறாரா என்று பார்க்க ஒரு காலம் வேண்டும். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் இது பொதுவாக ஓராண்டு. ஆனால் அந்த ஓராண்டில் அவருடைய நிலைமை என்ன?

முதலாவது, அவரை நீக்கினால் கேட்க நாதியில்லை. அங்கே விமானிகளுக்குப் பலமான தொழிற்சங்கங்கள் உண்டு. நிரந்தர விமானியைக் காரணமில்லாமல் நீக்கினால் சங்கம் முறையீடு செய்யும், நடுவர் வருவார். புரொபேஷனில் இருப்பவருக்கு, பெரும்பாலான ஒப்பந்தங்களில், இந்த முறையீட்டு உரிமை கிடையாது.

இரண்டாவது, இந்தத் தொழிலில் எல்லாம் சீனியாரிட்டி. நல்ல ரோஸ்டர், பகல் நேரப் பயணம், பண்டிகை லீவு எல்லாம் மூத்தவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருப்பதுதான் புதியவருக்கு. நடுராத்திரிப் பயணம், திடீர் அழைப்பு, ஊர் விட்டு ஊர் போய்த் தங்கல் என்று உடம்பைக் கெடுக்கிற வேலையெல்லாம் அவர் தலையில். உடம்பு கெட்டால் சொல்லக்கூடாது என்பதும் அவருக்குத்தான்!

மூன்றாவது, கடன். இந்தியாவில் வணிக விமானி உரிமம் வாங்கி முடிக்க அரைக் கோடியைச் சுற்றிச் செலவாகிறது. அதற்குமேல் குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சிக்குத் தனியாகப் பல லட்சங்கள். எத்தனையோ குடும்பங்கள் வீட்டை வங்கியில் வைத்துத்தான் பிள்ளையை விமானி ஆக்குகின்றன. அந்தப் பிள்ளை விடிகாலை நாலு மணிக்குத் தும்மலோடு எழுந்து உட்காரும்போது கண்முன் நிற்பது பாதுகாப்பு விதியா, மாதத் தவணையா?

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். விமானி தானாக வேலையை விடுவதற்கு என்ன விதி தெரியுமா? 2017 ஆகஸ்டில் இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், துணை விமானி என்றால் 6 மாதம், கேப்டன் என்றால் ஓராண்டு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று விதித்தது. திடீரென்று போனால் பயணிகளுக்குக் கஷ்டமாம், பொதுநலனாம். நியாயம்தான். ஆனால் காய்ச்சலில் இருக்கிற விமானியைப் பயமுறுத்தி வரவழைப்பதில் மட்டும் பொதுநலன் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்!

பஃபலோவுக்குப் போன விமானம்

2009 பிப்ரவரி 12 இரவு. அமெரிக்காவில் நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் ஏர் 3407 விமானம், தரையிறங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது கிளாரன்ஸ் சென்டர் என்ற ஊரில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள்.

துணை விமானி 24 வயதுப் பெண். நாட்டின் மேற்குக் கோடியில் சியாட்டில் பக்கம் பெற்றோர் வீட்டில் இருந்தவர், வேலைக்கு வருவதற்காகச் சரக்கு விமானங்களில் இடம் பிடித்து ராத்திரி முழுக்கப் பயணம் செய்து கிழக்குக் கோடிக்கு வந்திருந்தார். ஆண்டுச் சம்பளம் 25,000 டாலருக்கும் குறைவு. வேலை பார்க்கும் ஊரில் வாடகைக்கு அறை எடுக்கக்கூட அது இடம் கொடுக்கவில்லை.

அவருக்கு அன்று ஜலதோஷம். விமானி அறை ஒலிப்பதிவில் தும்மலும் மூக்கு உறிஞ்சலும் கேட்டன. புறப்படும் முன் கேப்டனிடம் அவர் பேசியதும் பதிவாகியிருந்தது. வீட்டில் இருக்கும்போதே இப்படி இருந்திருந்தால் வந்தே இருக்கமாட்டேன், இங்கே வந்தபிறகு சிக் என்று சொன்னால் குணமாகும்வரை சொந்தக் காசில் ஓட்டலில் தங்க வேண்டும் என்ற பொருளில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் விமானம் கிளம்பியது.

இதை வைத்து "சளியால்தான் 50 பேர் செத்தார்கள்" என்று எழுதினால் அது பொய். விசாரணை அறிக்கை முக்கியக் காரணமாகச் சொன்னது, வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தப்பாகக் கையாண்டதை. துணை விமானியின் நோய் அவருடைய செயல்பாட்டை நேராகப் பாதித்திருக்க வாய்ப்பில்லை என்றும், இரண்டு விமானிகளும் களைப்பால் பாதிக்கப்பட்டிருக்கலாம், ஆனால் எந்த அளவுக்கு என்று சொல்ல முடியாது என்றும் அறிக்கை சொல்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பெண் போட்ட கணக்கு இருக்கிறதே, அதைப் பாருங்கள். "நான் தகுதியா?" என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. "சிக் சொன்னால் எனக்கு எவ்வளவு செலவு?" என்பதுதான் கேள்வி. ஒரு ஓட்டல் அறை வாடகையே ஒருவரை விமானத்தில் ஏற்றிவிட்டது. அவராவது நிரந்தரமாகி இருந்தார். தராசின் மறுதட்டில் ஓட்டல் வாடகைக்குப் பதில் வேலையையே தூக்கி வைத்தால் புதிய விமானி எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்ல பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

கிழித்துப் போட்ட சீட்டு

2015 மார்ச் 24 அன்று பார்சலோனாவிலிருந்து டூசல்டார்ஃப் போன ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி வேண்டுமென்றே ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். அது கொலை. அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. மன அழுத்தம் உள்ளவர்கள் எல்லாம் இப்படிச் செய்வார்கள் என்று நினைப்பதும் மகா அபத்தம்.

ஆனால் விசாரணையில் வந்த ஒரு விஷயம் இங்கே பேச வேண்டியது. வேலைக்குப் போகக்கூடாது என்று டாக்டர் கொடுத்த சீட்டு அவரிடம் இருந்தது, அன்றைய தேதிக்கும் சேர்த்து. கிழித்துப் போடப்பட்ட நிலையில் அவர் வீட்டில் கிடைத்தது. கம்பெனிக்கு அது போகவே இல்லை. பிரெஞ்சு விசாரணை அமைப்பு 2016 மார்ச்சில் கொடுத்த இறுதி அறிக்கையில், பறக்கும் உரிமையை இழந்துவிடுவோம் என்ற பயமும், இழந்தால் வருமானத்துக்குப் போதுமான காப்பீடு இல்லாததும் அவர் உதவி கேட்காமல் போனதற்குப் பங்களித்திருக்கலாம் என்று எழுதியது. பயிற்சிக்காக வாங்கிய சுமார் 41,000 யூரோ கடனையும் அறிக்கை குறிப்பிட்டது.

இதற்குப் பிறகு ஐரோப்பா என்ன செய்தது? "சிக் லீவ் எடுப்பவனைத் தூக்கு" என்று சட்டம் போடவில்லை. பிரச்சினை உள்ள விமானி பயமில்லாமல் சக விமானியிடம் பேசி உதவி கேட்க ஒவ்வொரு நிறுவனத்திலும் ஓர் ஏற்பாடு இருந்தாக வேண்டும் என்று விதித்தது. 2021-ல் அது நடைமுறைக்கு வந்தது. மறைப்பதுதான் ஆபத்து, சொல்வது ஆபத்தில்லை என்பதை 150 உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

"எல்லாரும் ஏமாற்றுகிறார்களே?"

கம்பெனிகளின் வாதத்தையும் கேட்க வேண்டும். சிக் லீவை ஆயுதமாகப் பயன்படுத்திய கதைகள் உண்மையிலேயே உண்டு.

1999 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் கூட்டம் கூட்டமாக சிக் சொன்னார்கள். நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகும் தொடர்ந்ததால் சங்கத்துக்கு 4.55 கோடி டாலர் அபராதம். நம் நாட்டில் 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானிகள், சங்கம் ஆரம்பித்த சகாக்கள் நீக்கப்பட்டதை எதிர்த்து ஒரே நேரத்தில் சிக் லீவில் போனார்கள். 2012 மே மாதம் ஏர் இந்தியாவில் அப்படித் தொடங்கிய போராட்டம் 58 நாள் நீடித்தது, 101 விமானிகள் நீக்கப்பட்டார்கள். 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் விமானிகள் இல்லை, பணிப்பெண்களும் பணியாளர்களும் மொத்தமாக சிக் சொன்னார்கள். 25 பேரை நீக்கிய நிர்வாகம், தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேச்சு நடந்தபின் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

விமான நிலையத்தில் குழந்தையோடு தரையில் படுத்துக்கிடந்த பயணிகளுக்கு இந்தப் போராட்டங்கள் இனிக்கவில்லை. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் இந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். எல்லாமே கூட்டாக நடந்தவை. பின்னால் சங்கம் இருந்தது, கோரிக்கை இருந்தது, பேச்சுவார்த்தை நடந்தது. தனியாக ஒரு புரொபேஷன் விமானி ஜனவரியில் ஒருமுறை, மே மாதம் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை காய்ச்சலில் படுத்தது இதில் எங்கே வருகிறது? கூட்டாக மட்டம் போட்டவர்கள் மேல் இருக்கிற கோபத்தைத் தனியாகப் படுத்தவன் மேல் காட்டுவது, வீதியில் கல்லெறிந்தவனை விட்டுவிட்டு வாசலில் நின்றவனைப் பிடித்துக்கொண்டு போகிற போலீஸ் வேலை.

அதோடு, வருகைப் பதிவேடு எவ்வளவு வசதியான ஆயுதம் என்பதையும் பார்க்க வேண்டும். 2001-ல் ஹாங்காங்கின் கத்தே பசிபிக் நிறுவனம், விமானிகளோடு தகராறு முற்றியிருந்த நேரத்தில், எல்லா விமானிகளின் பதிவுகளையும், வருகைப் பதிவு உள்பட, சல்லடை போட்டுச் சலித்து 49 பேரை ஒரே வீச்சில் நீக்கியது. அவர்களில் ஒரு பகுதியினர் நீதிமன்றம் போனார்கள். சங்க நடவடிக்கைதான் நீக்கத்துக்கு உண்மைக் காரணம் என்ற அவர்கள் வாதம் உச்ச நீதிமன்றத்தில் நின்றது, 2012-ல்! பதினோரு வருடம். சங்கமும் அனுபவமும் வக்கீலும் இருந்தவர்களுக்கே பதினோரு வருடம் என்றால், எட்டு மாதம் முன்பு சேர்ந்த புரொபேஷன் விமானி எங்கே போவார்?

யார் கணக்கில் லாபம், யார் கணக்கில் நஷ்டம்?

ஒரு விமானி சிக் சொன்னால் ஆகும் செலவு கம்பெனியின் புத்தகத்தில் உடனே தெரியும். மாற்று ஆள் கூப்பிட வேண்டும், விமானம் தாமதமாகும், பயணிகளுக்குச் சாப்பாடு தர வேண்டும். அதே விமானி காய்ச்சலை மறைத்துக்கொண்டு வந்தால் புத்தகத்தில் ஒரு பைசா ஏறாது. அந்த மாத அறிக்கையில் "வருகை விகிதம் முன்னேற்றம்" என்றுகூட வரும். அதிகாரிக்குப் பாராட்டு கிடைக்கும்.

செலவு எங்கேயும் போய்விடவில்லை. கம்பெனியின் புத்தகத்திலிருந்து பயணிகளின் தலைக்கு மாற்றி எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதுவும் எந்த வவுச்சரும் இல்லாமல். நூறு முறை ஒன்றும் ஆகாது, ஆயிரம் முறையும் ஆகாது. அதனால் இது நல்ல நிர்வாகம் என்றே தோன்றும். தீயணைப்புக் கருவிக்குச் செலவு செய்யாத தொழிற்சாலையும் தீப்பிடிக்கும் நாள் வரை நல்ல லாபத்தில்தான் இருக்கும்.

மனிதனுக்கு உடம்பு சரியில்லாமல் போவது எதிர்பாராத நிகழ்ச்சியே கிடையாது. யாருக்கு, எந்த நாளில் என்றுதான் தெரியாது. நூறு பேர் இருந்தால் மழைக்காலத்தில் சிலர் படுப்பார்கள் என்று தெரியும். அதற்காகத்தான் ஸ்டாண்ட்பை விமானிகள். அந்த எண்ணிக்கையைக் குறைத்துக் காசு மிச்சம் பிடித்துவிட்டு, ஒருவர் படுத்ததும் "உன்னால்தான் விமானம் நின்றது" என்று அவர் மேல் பாய்வது என்ன நியாயம்?

இழுத்துப் பிடித்த கயிறு எப்படி அறும் என்பதை நம் நாடு 2025 டிசம்பரில் பார்த்தது. விமானிகளுக்கு வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாகக் கூட்டி, இரவுத் தரையிறக்கங்களைக் குறைத்துப் புதிய விதிகள் வந்தன. 2024 ஜனவரியிலேயே அறிவித்து, 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தவை. தயாராக நேரம் இருந்தது. ஆனாலும் இண்டிகோ போதிய விமானிகள் இல்லாமல் தடுமாறி, ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி நாடே அல்லோலகல்லோலப்பட்டது. டிசம்பர் 5 அன்று இயக்குநரகம் என்ன செய்தது? வார ஓய்வுக்குப் பதிலாக லீவைக் கணக்கில் காட்டக்கூடாது என்று தானே போட்டிருந்த கட்டுப்பாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நெருக்கடி வந்ததும் முதலில் வெட்டப்பட்டது எது என்று கவனியுங்கள். திட்டமிடாத நிர்வாகத்தின் தப்புக்கு விமானியின் ஓய்வு பரிகாரம்!

என்னதான் செய்யலாம்?

பெரிய புரட்சியெல்லாம் தேவையில்லை.

ஒன்று, புரொபேஷன் மதிப்பீட்டிலிருந்து சிக் லீவின் எண்ணிக்கையை வெளியே எடுத்துவிட வேண்டும். விமானம் ஓட்டத் தெரிகிறதா என்பதுதான் தேர்வு. காய்ச்சல் வராமல் இருப்பது திறமையில் சேராது.

இரண்டு, அதிக நாள் படுத்துவிட்டதால் மதிப்பிடப் போதுமான நாள் இல்லை என்றால், படுத்த நாட்களைச் சேர்த்துப் புரொபேஷனை நீட்டிக்கலாம். வேலையைப் பறிக்க அது காரணமாகாது.

மூன்று, ஏமாற்றுகிறார் என்று சந்தேகம் வந்தால் ரோஸ்டர் போடுகிற மேனேஜர் விசாரிக்கக்கூடாது. சம்பந்தமில்லாத விமான மருத்துவர் பார்க்கட்டும். ஏமாற்றியது நிரூபணமானால் தாராளமாக நடவடிக்கை எடுக்கட்டும். யாரும் குறுக்கே நிற்கப்போவதில்லை.

நான்கு, புரொபேஷனில் நீக்கினால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். நோய் காரணம் என்றால் அதன் நகல் விமானப் பாதுகாப்பு அமைப்புக்கும் போக வேண்டும். எழுத்தில் போட வேண்டும் என்ற நிலை வந்தாலே பாதிப் பேர் யோசிப்பார்கள்.

"இதற்கெல்லாம் செலவாகும், டிக்கெட் விலை ஏறும்" என்பார்கள். ஏறட்டுமே, எவ்வளவு ஏறிவிடும்? கூடுதலாகச் சில ஸ்டாண்ட்பை விமானிகளின் சம்பளத்தை லட்சக்கணக்கான டிக்கெட்டுகளில் பிரித்துப் பாருங்கள். ஜன்னல் சீட்டுக்கும் சாண்ட்விச்சுக்கும் வாங்குகிற காசில் ஒரு துளி.

ஒரு பழக்கம் எப்படிப் படிகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். முதல் வருடத்தில் பயந்து பயந்து காய்ச்சலோடு ஓட்டிய விமானி, புரொபேஷன் முடிந்த மறுநாள் திடீரென்று மாறிவிடுவாரா? "இதெல்லாம் சகஜம், சமாளித்துக்கொள்ளலாம்" என்று உடம்பு சொல்வதைக் கேட்காமல் இருக்கப் பழகியிருப்பார். பத்து வருடம் கழித்து அவர் கேப்டன். பக்கத்தில் உட்காரும் புதுப் பையன் தும்மினால் "ஒரு மாத்திரை போட்டுக்கோ தம்பி, நான்லாம் அப்போ..." என்று ஆரம்பிப்பார். புரொபேஷனில் எதைக் கற்றுக்கொடுக்கிறோமோ அதுதான் அந்தத் தொழிலின் வழக்கமாக முப்பது வருடம் ஓடும்.

அடுத்த முறை விமானத்தில் ஏறும்போது வாசலில் விமானி நின்று வணக்கம் சொன்னால் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூக்கு சிவந்திருக்கிறதா, கண் கலங்கியிருக்கிறதா? அப்படி இருந்தால் அவர்மேல் கோபப்படாதீர்கள். போன் செய்து உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, பெல்ட்டைக் கொஞ்சம் இறுக்கமாகவே போட்டுக்கொள்ளுங்கள்.